பாம்புக்கு இறக்கை ஒட்டினால் போதாது: பிடித்த மாயக்கதையை வீட்டிலேயே பலகை ஆட்டமாக்குவது

எங்கள் வீட்டில் ஒன்பது முறை திருத்திய ஓர் ஆட்டம் இருக்கிறது. பெயர் ‘நிழலின் பெயர்’. கிழிக்கிற காலண்டரின் அட்டை இரண்டு, புளியங்கொட்டை நான்கு, மஞ்சாடி விதை ஒரு கைப்பிடி, பிஸ்தா ஓடு சில, அச்சகத்தில் வெட்டிக் கழித்த ஆர்ட் கார்டு துண்டுகள். அவ்வளவுதான் சாமான். கைக்காசு நூறு ரூபாய் போயிருக்காது. நாள்தான் எட்டு மாதம் போனது. அதில் ஐந்து மாதம் தப்பான பாதையில் நடந்தேன். நீங்களாவது மூன்று மாதத்தில் முடிக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சிவகாசி. ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை. ஆட்டம் செய்யக் காரணம் என் மகள், ஏழாவது படிக்கிறாள். இரவில் அவளுக்கு நான் சொல்லிவந்த கதை அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ என்ற மாயக்கதை வரிசை. முதல் புத்தகம் 1968இல் வந்தது, கடைசி 2001இல். மொத்தம் ஆறு. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு நான் தமிழில் சொல்வேன். நிலமே குறைவான உலகம். கடல் முழுக்கத் தீவுகள். தீவு தீவாகப் படகில் போகும் மந்திரவாதிகள். இதை விளையாடினால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் அவள்தான் கேட்டாள். (முதல் புத்தகத்தின் முடிவு கீழே வரும். படிக்கப் போகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.)

முதல் நாள் சாயங்காலமே ஒரு ஆட்டம் தயாராகிவிட்டது. நூறு கட்டம். பாம்பு இருக்கும் இடத்தில் டிராகன், ஏணி இருக்கும் இடத்தில் காற்று. பிரமாதமாக வண்ணம் தீட்டியிருந்தோம். அக்கா மகன் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தான். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுச் சொன்னான்: “மாமா, இது பரமபதந்தான். பாம்புக்கு றெக்கை ஒட்டி வச்சிருக்கீங்க.”

அவன் சொன்னது சரி. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஆட்டத்தில் உள்ள கற்பனைப் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர்களைப் போடுங்கள். நான் ரோக், காண்ட், ஹாவ்னர் என்ற தீவுகளுக்குப் பதிலாகச் சாத்தூர், திருத்தங்கல், விருதுநகர் என்று எழுதிப் பார்த்தேன். ஆட்டம் துளிகூட மாறவில்லை. அப்படியென்றால் கதை ஆட்டத்துக்குள் வரவே இல்லை, மேலே பூச்சாக மட்டும் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது முயற்சியில் நேர் எதிர்ப் பக்கம் சாய்ந்தேன். புத்தகத்தில் உள்ள எல்லாம் வேண்டும் என்று 64 மந்திர அட்டை, 40 தீவு, சண்டைக்கு ஒரு கணக்கு, வானிலைக்கு ஒரு கணக்கு, டிராகனோடு பேசுவதற்குத் தனியாக ஒரு கணக்கு. ஒரு சுற்று முடிய முக்கால் மணி நேரம். மூன்றாம் சுற்றில் என் மனைவி, “குக்கர் விசில் வருது” என்று எழுந்து போனாள். அடுப்பில் குக்கரே இல்லை.

ஒரே ஒரு செயலைப் பிடியுங்கள்

ஒரே கதையிலிருந்து ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆட்டங்கள் பிறக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மாயக்கதையை வைத்து ரைனர் க்னிஸியா என்ற ஜெர்மன் ஆட்ட வடிவமைப்பாளர் 2000இல் ஒரு பலகை ஆட்டம் செய்தார். அதில் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஹாபிட்டுகள் என்கிற குள்ள மனிதர்கள், எல்லோரும் ஒரே கட்சி. ஒரு கோட்டின் மறுமுனையிலிருந்து கதையின் வில்லன் சௌரான் நெருங்கி வருவான். இவர்கள் சேர்ந்து தாங்க வேண்டும். 2004இல் அதே கதையிலிருந்து ‘வார் ஆஃப் தி ரிங்’ வந்தது. அது இரண்டு கட்சி, படைகள், நாடுகள், பல மணி நேரப் போர். ஒன்று தோழமையைப் பிடித்துக்கொண்டது, மற்றது யுத்தத்தை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் திணித்திருந்தால் எங்கள் வீட்டுக் குக்கர் கதைதான் நடந்திருக்கும்.

ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கதையில் வருகிறவர்கள் செய்கிற எந்தக் காரியம் எனக்கு மறக்கவில்லை? பாத்திரம் வேண்டாம், இடம் வேண்டாம், காரியம். வினைச்சொல்லாக எழுதுங்கள். ஒளிக்கிறார்கள், சத்தியம் செய்கிறார்கள், காவல் காக்கிறார்கள், காட்டிக்கொடுக்கிறார்கள். ஏழெட்டு எழுதிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள். அடிக்கும்போது வலிக்கும். பரவாயில்லை.

எர்த்ஸீயில் எனக்கு மறக்காதது பெயர் சொல்வது. அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஊருக்குத் தெரிந்த பெயர் ஒன்று, உண்மைப் பெயர் ஒன்று. கதாநாயகனை ஊரார் வல்லூறு என்று ஒரு பறவைப் பெயரால் அழைக்கிறார்கள். உண்மைப் பெயர் கெட். உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு உங்கள்மேல் அதிகாரம் வந்துவிடும் என்பதால் உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே அதைச் சொல்வார்கள். கெட் தன் கர்வத்தால் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. எல்லாம் இழந்து நிற்கும்போது வெட்ச் என்கிற நண்பன் தன் உண்மைப் பெயரை அவனிடம் சொல்கிறான். (அக்கா மகனுக்கு அவன் வெட்சிதான். கெட் வரும்போதெல்லாம் “கெட்டான்” என்பான். பேர் அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்ய.)

எனக்கு ஏன் அது பிடித்தது என்று யோசித்தேன். என் பாட்டி சாகும்வரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. தாத்தா பெயர் கந்தசாமி. கந்த சஷ்டியை அவள் ‘சஷ்டி’ என்று மட்டும்தான் சொல்வாள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் என்னை இழுத்து முன்னால் நிறுத்துவாள். பெயர் என்றால் சும்மா இல்லை என்பது புத்தகம் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்த காரியத்துக்கும் இப்படி ஒரு வேர் இருக்கும். அது கிடைத்தால் ஆட்டத்தின் பாதி வேலை முடிந்தது.

பிறகு ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: ‘பெயரைச் சொன்னால் ஆபத்து, சொல்லாவிட்டால் அதைவிட ஆபத்து.’ இதற்கு உதவாத விதி எதுவும் உள்ளே வரக்கூடாது. டிராகன் போனது. சண்டை போனது. 40 தீவு 17 ஆனது. டிராகன் போனதில் மகள் இரண்டு நாள் பேசவில்லை. (பலகையின் மேற்கு ஓரத்தில் பெண்டார் தீவுக்கு மேலே சும்மா படமாக ஒன்று வரைந்துகொடுத்துச் சமாதானமானோம்.)

அந்தக் காரியம் விதியாக மாறும் இடம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். என் ஆட்டத்தின் நடுப்பகுதியை முழுதாகச் சொல்கிறேன். நீங்கள் வேறு கதையை எடுத்தாலும் யோசிக்கிற விதம் பிடிபடும்.

மூன்று அல்லது நான்கு பேர் ஆடலாம். எட்டு கற்பனைப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்டை. ஆளுக்கு ஒரு ஜோடி வரும். பார்த்துவிட்டு ஒன்றைத் தன்னிடம் ஒளித்துவைத்துக்கொண்டு, மற்றதை நடுவில் கவிழ்த்துப் போட வேண்டும். நடுவில் விழுந்தவற்றைக் கலைத்து, ஒன்றை எடுத்து யாரும் பார்க்காமல் நிழல் காயின் அடியில் வைக்க வேண்டும். அந்த நிழல் நம்மில் ஒருவருடையது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மீதி அட்டைகள் தூரத் தீவுகளில் ஒன்றொன்றாகக் கவிழ்ந்து கிடக்கும்.

புத்தகத்தின் முடிவைத்தான் இப்படிக் கொண்டுவந்தேன். கெட் கடைசியில் நிழலைத் தன் சொந்தப் பெயரால் அழைக்கிறான். அதை அப்படியே விதியாக்கினால் முதல் ஆட்டத்தோடு ரகசியம் செத்துவிடும். முடிவு தெரிந்த கதையை இரண்டாம் முறை படிக்கலாம், முடிவு தெரிந்த ஆட்டத்தை ஆட முடியாது. அதனால் முடிவின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் திறந்துவிட வேண்டும். துப்பறியும் கதையானாலும் ராஜ்யக் கதையானாலும் இந்தச் சிக்கல் உங்களுக்கும் வரும்.

ஒரு தீவில் கிடக்கும் அட்டையைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். உங்கள் பெயரே இருந்தால் நிம்மதி, நிழல் உங்களுடையது இல்லை. வேறு பெயர் இருந்தால் அது யாருடையது? அவர் சொன்னால்தான் தெரியும். ஆகவே பேச வேண்டும். ஒரே தீவில் நிற்கும் இருவரில் ஒருவர் தன் அட்டையை மற்றவருக்குக் காட்டலாம்.

காட்டினால் என்ன நஷ்டம்? உங்கள் பெயர் தெரிந்தவர் பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை உரக்கச் சொல்லி, உங்கள் படகை ஒரு முறை தன் இஷ்டப்படி ஓட்டலாம். உரக்கச் சொன்னால் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் சட்டென்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சொல்லக்கூடும் என்கிற பயம் ஆட்டம் முழுக்க இருக்கும். அது போதும்.

லாபம் என்ன என்பதில்தான் நான் மாதக்கணக்கில் தவறினேன். முதலில் எல்லோரும் சேர்ந்து ஜெயிப்பது என்று வைத்திருந்தேன். ஆரம்பித்த நிமிடமே எல்லோரும் அட்டையைத் திருப்பிக் காட்டிவிட்டுச் சிரித்தார்கள். ஒளிப்பதற்குக் காரணமே இல்லையே. அப்புறம் ஆளுக்கொரு தனி வேலை கொடுத்தேன்: குறிப்பிட்ட இரண்டு தீவுக்குப் போய்வர வேண்டும், முடித்தவர் ஜெயித்தார், நிழல் பிடித்தால் எல்லோரும் தோற்றார்கள். அதில் அக்கா மகன் ஓட்டை கண்டுபிடித்தான். தன் வேலை முடியாது என்று தெரிந்ததும் நிழலின் வாய்க்குள் நேராகப் படகை விட்டான். “எனக்கு இல்லேன்னா யாருக்கும் வேண்டாம் மாமா.” அவன்மேல் தப்பில்லை. விதி அவனுக்கு வேறு வழி வைக்கவில்லை. ஆடுகிறவர் கெட்டிக்காரத்தனமாகச் செய்த காரியத்தால் ஆட்டம் கெட்டால், திருத்த வேண்டியது ஆளை இல்லை, விதியை.

ஆறாவது திருத்தத்தில் வழி கிடைத்தது: நீங்கள் யாரிடம் பெயரைச் சொன்னீர்களோ அவர் ஜெயித்தால் நீங்களும் ஜெயித்தீர்கள். இந்த ஒரு வரி வந்ததும் எல்லாம் பூட்டிக்கொண்டது. பின்தங்கியவர் முன்னால் போகிறவரைத் தேடிப் போய்ப் பெயரைக் கொடுக்கிறார். அவரோ வாங்கிக்கொண்டு இவர் படகை நிழலின் பக்கம் திருப்பிவிடலாம். திருப்புவாரா? அந்த இடத்தில் மேசையில் ஒரு அமைதி விழும். அந்த அமைதிக்காகத்தான் எட்டு மாதம்.

நிழல் இருக்கும் தீவுக்குப் போய்த் தன் பெயரைச் சொல்லி, அடியில் இருக்கும் அட்டையைத் திருப்ப வேண்டும். சரியாக இருந்தால் ஆட்டம் முடிந்தது: பெயர் சொன்னவர், அதற்குள் தன் வேலையை முடித்தவர்கள், இவர்களிடம் பெயரைக் கொடுத்தவர்கள் எல்லோரும் வெற்றி. தப்பாக இருந்தால் கடல் இருண்டது, அத்தனை பேரும் தோல்வி.

மற்ற விதிகளைப் புத்தகமே கொடுத்தது. அந்த உலகத்தில் ஓரிடத்தில் மந்திரத்தால் மழை வரவழைத்தால் வேறெங்கோ வறட்சி வரும், எல்லாம் ஒரு சமநிலையில் நிற்கிறது. ஆகவே என் ஆட்டத்தில் காற்றைத் திருப்பலாம், ஆனால் பலகைக்கே ஒரே காற்று. உங்களுக்குச் சாதகமாகத் திருப்பினால் இன்னொருவருக்கு எதிர்க்காற்று. போதாததற்கு உங்கள் உயிர்க் கணக்கான மஞ்சாடி விதையில் ஒன்றும் கொடுக்க வேண்டும், நிழலும் உங்களை நோக்கித் திரும்பும். கெட் ஒருமுறை பருந்தாக மாறி நெடுந்தூரம் பறந்து, மனிதனாகத் திரும்ப முடியாமல் தவிக்கிறான். அதுவும் இருக்கிறது: பருந்தானால் காற்றைப் பொருட்படுத்தாமல் ஐந்து தீவு தாண்டலாம், ஆனால் அடுத்த முறை உங்களுக்கு ஆட்டம் இல்லை. காண்ட் தீவில் இருக்கும் குரு ஓஜியன்தான் ஓடாதே, திரும்பி அதைத் துரத்து என்று அவனுக்குச் சொல்வார். அந்தத் தீவில் நின்று “திரும்புகிறேன்” என்று சொன்னவரைக் கண்டால் அதன்பின் நிழல் எதிர்த்திசையில் ஓடும்.

பாருங்கள், இந்த மூன்றும் கதையின் சம்பவங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பேரம் இருக்கிறது. பேரம் இல்லாத சம்பவத்தை விதியாக்காதீர்கள். படமாக வரைந்துவிட்டுப் போங்கள்.

நிழலை யார் ஆடுவது?

நமக்குத் தெரிந்த ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமமில்லை, நோக்கமும் ஒன்றில்லை, ஆனாலும் ஆட்டம் நிற்கிறது. துரத்தல் உள்ள கதையை எடுத்தவர்கள் அந்தக் கட்டத்தை ஒரு மாலை உட்கார்ந்து ஆடிப் பார்ப்பது நல்லது. நானும் ஒருவரை நிழலாக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் நிழலாக விருப்பமில்லை, மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால் நிழல் தானாக நகரும்படி செய்தேன். யார் கடைசியாக மந்திரம் போட்டாரோ அவரை நோக்கிப் போகும். இவ்வளவுதான் அதன் மூளை. தானாக நகரும் எதிரிக்கு இரண்டு வரிக்கு மேல் விதி எழுதினால் அதை ஆட்டுவிப்பதே ஒரு ஆள் வேலையாகிவிடும்.

எவ்வளவு தூரம் போகும்? முதலில் ஒரு பகடை உருட்டினேன். ஆறுமுகப் பகடையின் சராசரி மூன்றரை. என் படகோ காற்றோடு போனால் மூன்று தீவு, குறுக்கே இரண்டு, எதிரே ஒன்று, சராசரி இரண்டு. நாலாவது சுற்றுக்குள் எல்லோரையும் பிடித்துவிட்டது. கணக்கில் எனக்கு அப்படி ஒன்றும் புலமை கிடையாது, ஆனால் இந்தச் சராசரிக் கணக்கை ஒரு தாளில் போடாமல் அட்டை வெட்டக்கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அப்புறம் தாய ஆட்டத்துக்கு உரசுகிற மாதிரி நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் உரசினேன். போட்டால் வெள்ளை விழுந்த எண்ணிக்கைதான் நிழல் நகரும் தூரம். நான்கு விதைக்கு மொத்தம் 16 விதமாக விழ வாய்ப்பு. அதில் பூஜ்யம் ஒரு வழி, ஒன்று நான்கு வழி, இரண்டு ஆறு வழி, மூன்று நான்கு வழி, நான்கு ஒரு வழி. பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, இங்கே நடுவில் கூட்டம் அதிகம். அதனால் நிழல் பெரும்பாலும் நிதானமாக வரும், எப்போதாவது பாயும். கதைக்கு அது பொருத்தம்.

ஆனால் கையால் உரசிய விதை கணக்குப்புத்தகம் போல நடக்காது. நான்கையும் 50 முறை போட்டுக் குறித்தேன். 200க்கு 118 வெள்ளை. சராசரி இரண்டுக்குப் பதில் 2.36. மறுபடி உரசிச் சரிசெய்யலாமா என்று பார்த்தேன், விட்டுவிட்டேன். படகைவிட நிழல் சற்றே வேகம். பத்துச் சுற்றில் மூன்று நான்கு தீவு நெருங்கிவிடும். அந்தக் கோணல்தான் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தது.

நேரக் கணக்கும் இதோடு போடுங்கள். நான்கு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், 45 நிமிடத்தில் முடியவேண்டுமென்றால் பதினோரு சுற்று. என் பலகையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒன்பது தாண்டல், அதாவது நாலைந்து சுற்று. இரண்டு தீவு வேலை கொடுத்தால் பதினொன்றில் அடங்கும். மூன்று கொடுத்தால் அடங்காது. 40 தீவு போனதற்கு உண்மையான காரணம் இதுதான், தத்துவம் எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது.

அட்டையும் பசையும்

ஐந்து முறை ஆடிப் பார்க்கும்வரை எதையும் அச்சடிக்காதீர்கள். அச்சுத் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன். அழகாக அச்சடித்த அட்டையைத் திருத்த மனசே வராது. தப்பான விதியை அட்டையின் அழகுக்காகக் காப்பாற்றுவோம். விசிட்டிங் கார்டின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம், பென்சில். அது போதும்.

ஆட்டம் நின்றபிறகு பலகை செய்யலாம். தினசரி காலண்டரின் அட்டை நல்ல கெட்டி. ஜனவரியில் எல்லா வீட்டிலும் பழையது கிடைக்கும். இரண்டை அருகருகே வைத்து, நடுவில் அட்டையின் கனத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி விட்டு, பைண்டிங்குக்குப் பயன்படும் காலிகோ துணிப் பட்டையை ஒட்டுங்கள். இடைவெளி விடாவிட்டால் மடிக்கும்போது துணி கிழியும். மேல்பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காய்ந்ததும் பலகை அப்பளம் மாதிரி வளையும். பின்பக்கமும் அதே கனத் தாளை ஒட்டி, இரண்டு பக்க இழுப்பையும் சமமாக்கி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு வையுங்கள். பைண்டிங் கடையில் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கைபடும் பொருளுக்கு அந்தப் பசை வேண்டாம், வெள்ளைப் பசையே போதும்.

சீட்டுக்கு 300 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) ஆர்ட் கார்டு. 63க்கு 88 மில்லிமீட்டர் அளவில் வெட்டினால் ஒரு ஏ4 தாளில் ஒன்பது வரும். எல்லாப் பின்பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கள் முதல் கட்டில் ஒரு சீட்டின் மூலையில் மஞ்சள் கறை இருந்தது. அது யார் பெயர் என்று மகளுக்குத் தெரியும் என்பது எனக்கு மூன்று வாரம் தெரியாது. மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் சீக்கிரம் நையாது. நகவெட்டியாலேயே செய்யலாம்.

படகுக்குப் பிஸ்தா ஓட்டில் ஒரு பாதி. நெயில் பாலிஷ் பூசி, முன்னால் ஜெல் பேனாவால் இரண்டு கண். (கெட்டின் படகுக்கும் முகப்பில் கண் வரைந்திருக்கும்.) நிழலுக்கு ஒரு கறுப்புக் கோட்டுப் பொத்தான். ஆளுக்கு நான்கு மஞ்சாடி விதை. அதுதான் உயிர்: நிழல் பிடிக்கும்போதெல்லாம் ஒன்று போகும், ஒருவருக்கு எல்லாம் தீர்ந்தாலும் மொத்தப் பேரும் காலி. மஞ்சாடிக்குப் பதில் குன்றிமணி அழகாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது கொடிய விஷம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சீட்டுப் படங்களை மகள் வரைந்தாள். கெட்டுக்கு எங்கள் வீட்டு நிறத்தையே பூசினாள், வெட்சிக்கு இன்னும் கறுப்பு. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. வெள்ளை ஆட்களாக வரைந்த அட்டைப்படங்களைப் பார்த்து லெ குவினே வருத்தப்பட்டிருக்கிறார்.

வீட்டில் ஆடுவதற்குப் புத்தகத்தின் பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வந்துவிட்டது, நாலு பேருக்கு விற்கலாம் என்று தோன்றினால் பெயர், வரைபடம், படம், வாசகம் எல்லாவற்றையும் சொந்தமாகப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. லெ குவின் இறந்தது 2018இல். 2078 முடியும்வரை காத்திருக்கிறீர்களா?

கதை தெரியாதவர்களைக் கூப்பிடுங்கள்

வீட்டு ஆட்களை வைத்துச் சோதித்ததை நம்பாதீர்கள். அவர்களுக்குக் கதை தெரியும், உங்கள் மேல் பிரியமும் இருக்கும். விதியில் ஓட்டை இருந்தால் கதையால் அடைத்துக்கொள்வார்கள். நான் அச்சகத்தில் கூட வேலை செய்யும் மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். புத்தகம் என்றால் அவர்களுக்குக் கட்டிங், பைண்டிங் கணக்குதான். விதித்தாளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். வாயை மூடுவதுதான் இதில் கஷ்டமான வேலை. தப்பாக ஆடும்போது நாக்கு துறுதுறுக்கும். திருத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது கை போனைத் தேடுகிறது என்று குறியுங்கள். தன் முறை இல்லாதபோது மற்றவர் ஆடுவதைப் பார்க்கிறார்களா என்று குறியுங்கள். முடிந்ததும் “நல்லா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். “எந்த இடத்துல என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்சீங்க?” என்று கேளுங்கள். அவர்கள் மூவரும் தீவு அட்டையைப் புரட்டிப் பார்த்தபின் அங்கேயே வைப்பதா, கையில் எடுப்பதா என்று முழித்தார்கள். நான் எழுதவே இல்லை. எனக்குத் தெரியும் என்பதால் எழுதியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘காற்றோடு போனால் மூன்று’ என்று எழுதியிருந்தேன். ஒருவர் மூன்று முறை ஆடலாம் என்று புரிந்துகொண்டு ஜாலியாகச் சுற்றி வந்தார். ‘காற்றோடு போனால் மூன்று தீவு வரை நகரலாம்’ என்று மாற்றினேன். விதித்தாளில் முதல் வரி எப்படி ஜெயிப்பது என்று இருக்கட்டும், கதைச் சுருக்கம் கடைசியில் போகட்டும். ஓரிடத்தில் தீவு, இன்னோரிடத்தில் துறை, வேறிடத்தில் கரை என்று அழகுக்காக மாற்றி எழுதாதீர்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குச் சொல்லிக்கொடுத்தது இங்கே ஆகாது. ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் தாளைச் சுருக்காதீர்கள், ஆட்டத்தைச் சுருக்குங்கள்.

மூன்று பேர் ஆடும்போது இன்னும் கொஞ்சம் தொய்வு இருக்கிறது. தீவுகளில் இரண்டே அட்டைதான் கிடக்கும், சீக்கிரம் யூகித்துவிடலாம். யாருக்கும் சொந்தமில்லாத நான்காவது பெயர் ஒன்றைக் கலந்து, அதுவே நிழலின் அடியில் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் நானும் மகளும் இன்னும் சண்டையில் இருக்கிறோம். அவள், அப்போது யாராலும் ஜெயிக்க முடியாது, அதுதான் சரி என்கிறாள். பத்தாவது திருத்தம் அவள் கையில்.

எல்லாம் மடித்து ஒரு பழைய சேவு டப்பாவில் வைத்திருக்கிறோம். எண்ணெய்க் கறை போக வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். விதித்தாளை மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் தொலையாது. புளியங்கொட்டையை மட்டும் ஆறாக உரசி வையுங்கள். ஒன்று எப்படியும் பீரோவுக்கு அடியில் போகும், அதற்குப் பதிலாக உரசாத புதுக்கொட்டையைத் தேடி நடு ஆட்டத்தில் யாரும் சமையலறைக்குப் போக வேண்டியிருக்காது.